பழைய பாமினி வினாத்தாளை லிப்ரே ஆபீசில் படிக்க வைப்பது எப்படி?

மூணாறு, தேவிகுளம் பக்கம் தமிழ் வழிப் பள்ளிகளில் இப்போது கைட் (கேரள அரசின் பள்ளித் தொழில்நுட்ப நிறுவனம்) கொடுக்கும் உபுண்டுவும் லிப்ரே ஆபீசும்தான். பழைய வினாத்தாள்களோ போடியிலோ கம்பத்திலோ ஏதாவது ஒரு டிடிபி கடையில் வேர்ட் 2003-ல் அடித்தவை. திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். கோப்பு கெட்டுப்போச்சு என்று அழித்துவிடாதீர்கள்.

இதில் வேலை இரண்டு: டாக் கோப்பை டாக்-எக்ஸ் ஆக்குவது, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக்குவது. முதலாவதை முடித்தால் இரண்டாவதும் முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் குழம்புகிறார்கள்.

முதல் வேலை சுலபம். நகல் எடுத்துவையுங்கள். நகலைத் திறந்து, சேவ் ஆஸ், டாக்-எக்ஸ், அவ்வளவுதான். கோப்புப் பெயரின் கடைசியில் ஒரு எக்ஸ் சேர்த்து ரீநேம் செய்வது மட்டும் வேண்டாம். டாக் பைனரி கோப்பு. ஆபீஸ் 2007-ல் வந்த டாக்-எக்ஸ், எக்ஸ்எம்எல் கோப்புகளை ஜிப் செய்த பொதி. பெயரை மாற்றினால் உள்ளிருப்பது மாறாது.

அடுத்து, புரியாத எழுத்தின் மேல் கர்சரை வைத்து, மேலே எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். பெயர் சாய்வாகத் தெரிந்தால் அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை. அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், யூனிகோடாக்கும் மென்பொருளான மாற்றியில் அதைத்தான் கேட்கும். பாமினிக்கு ஓர் அடையாளம்: ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று தெரியும்.

மாற்ற எனக்குப் பிடித்தது என்எச்எம் கன்வர்ட்டர். விண்டோஸ் கணினி வேண்டும், ஆனால் இணையம் தேவையில்லை. பரீட்சைக்கு முன்னால் வினாத்தாளை ஆன்லைன் மாற்றியில் ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது. உபுண்டுவிலேயே முடிக்க வேண்டுமானால் பைதான் நிரல்மொழியில் ஓப்பன்-தமிழ் என்ற நிரல்தொகுப்பு இருக்கிறது.

இப்போது வம்பான இடம். கன்ட்ரோல்-ஏ அடித்து மொத்தத்தையும் மாற்றியில் போடாதீர்கள். டாப், டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறைகள் இரண்டிலும் ஆங்கிலத்துக்குத் தனி இடம் உண்டு, பிழைத்துக்கொள்ளும். பாமினியில் கிடையாது, ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழ் உட்கார்ந்திருக்கிறது. அதனால் சின்ன எழுத்தில் போட்ட ஏ, பி, சி, டி என்ற விடைத் தெரிவுகள் ய, டி, உ, ன ஆகிவிடும். கணக்குத் தாளில் சென்டிமீட்டருக்குப் போட்ட சி-எம், ‘உஅ’ என்று வந்து நிற்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள், தலைமையாசிரியர் சிரிக்க மாட்டார். பாமினியில் உள்ள வரிகளை மட்டும் பத்தி பத்தியாக எடுத்து மாற்றுங்கள். அட்டவணை என்றால் கட்டம் கட்டமாக. அலுப்புதான், வேறு வழியில்லை.

மாற்றியதைத் திரும்ப ஒட்டும்போது பேஸ்ட் ஸ்பெஷலில் வடிவமைப்பில்லாத டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ்; அச்சில் கண்ணுக்கு இதம். பக்கம் நீண்டால் எழுத்தளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: ‘மாற்றிய கோப்பு கடையில் திறக்கவில்லை’ என்று மறையூர் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கடையில் இன்னும் வேர்ட் 2003தானாம். அதில் டாக்-எக்ஸ் திறக்க மைக்ரோசாஃப்ட் தந்த இணக்கத் தொகுப்பை 2018-லேயே நிறுத்திவிட்டார்கள். அச்சுக்கு மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள், டீச்சர். திருத்தமெல்லாம் பள்ளியிலேயே முடித்துவிட்டுக் கொடுங்கள்.