கான்கிரீட் ஹாலில் கும்மும் பேஸை அடக்குவது எப்படி?

கீழக்கரை, மண்டபம் பக்கம் இப்போது கட்டுகிற வீடுகளில் பாட்டு கேட்கும் அறை என்றால் நாலு பக்கமும் சிமெண்ட் பூசிய சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். அதில் நல்ல ஸ்பீக்கரை வைத்தாலும் தவிலும் பேஸ் கிட்டாரும் ஒரே 'கும்'மாகக் கலந்துதான் கேட்கும். அதே செட்டைக் கீற்றுக் கொட்டகையில் வைத்துப் பாருங்கள், கும்மாது. பேஸ் என்கிற அடித்தொனி ஓலை வழியாக வெளியே போய்விடும். கான்கிரீட்டில் போக வழியில்லாமல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். கோளாறு அறையில் இருப்பதால், ஸ்பீக்கரை மாற்றுவது வீண் செலவு.

எந்த அதிர்வெண்ணில் கும்முகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். நம் ஊர் வெக்கைக்கு 570ஐ அறையின் நீளத்தால் (அடியில்) வகுத்தால் போதும். 10க்கு 12 அறையில் நீளவாக்கில் சுமார் 48 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 57. கூரையும் 10 அடி உயரம் என்றால் இன்னொரு 57. பிறகு போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப்பை (கேட்ட அதிர்வெண்ணில் ஒலி எழுப்புவது) போட்டு, போனை உங்கள் செட்டோடு இணைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, 30லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றுங்கள். வால்யூம் குறைவாகவே இருக்கட்டும். வழக்கமாக உட்காரும் இடத்தில் எந்த எண்ணில் ஒலி வீங்குகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கதவுகள் அன்றாடம் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். திறந்து அளந்துவிட்டு மூடிக் கேட்டால் கணக்கு மாறிவிடும்.

அடுத்தது நாற்காலி. காசில்லாத வேலை, பலன் அதிகம், ஆனாலும் யாரும் செய்வதில்லை. சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவதுதான் நம் வழக்கம். 48 ஹெர்ட்ஸ் உச்சத்தில் இருப்பதும் அந்தச் சுவரோரம்தான். இரண்டடி முன்னே இழுத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. மூன்றடி இழுத்தால் சுமார் 3 டெசிபல் குறையும். நாலரை அடியில் 8 டெசிபலுக்கு மேல் குறைந்து, பேஸ் கிட்டாரின் சுரங்கள் தனித்தனியாகப் பிரியத் தொடங்கும். அறையின் நட்டநடுவே மட்டும் வேண்டாம்; அங்கே 48 அடியோடு காணாமல் போய், அதன் ஏறக்குறைய இருமடங்கான 95 ஹெர்ட்ஸ் தூக்கலாகிவிடும். அகலவாக்கில் மட்டும் நடுவில் உட்காருங்கள். அந்த 57 தானாக அடங்கும்.

ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே எடுங்கள். மூலை என்பது இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸை ஊதிப் பெருக்கும் இடம். ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள சுவரிலிருந்து 2 அடி, பக்கச்சுவரிலிருந்து 3 அடி என்று தொடங்கலாம். இரண்டு தூரமும் சமமாக இருந்தால் ஒரே அதிர்வெண் இருமடங்கு கெடும். பீரோ மேலும் ஷோகேஸ் மேலும் வைக்காதீர்கள். பாதி 'கும்' அந்தத் தகரமும் கண்ணாடியும் அதிர்வதுதான்.

ஸ்பீக்கர் பெட்டியில் போர்ட் ஓட்டை (காற்று வந்துபோகும் குழாய்த் துளை) இருந்தால் ஒரு பருத்திச் சாக்ஸைச் சுருட்டி அடைத்துப் பாருங்கள். அதில் ஒரு நூலைக் கட்டி நுனியை வெளியே விடுங்கள், இல்லையென்றால் உள்ளே விழுந்து, எடுக்க வூஃபரை (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கரை) கழற்ற வேண்டிவரும். முழுக்க அடைத்ததும் சத்தம் மெலிந்துவிட்டால் பாதி அடைப்பு போதும். அடைத்த பெட்டியில் கோன் அதிகம் அசையும் என்பதால் வால்யூமை அளவோடு வையுங்கள். ஆம்ப்ளிஃபயரில் பேஸைத் தூக்கிக் காட்டும் 'லவுட்னஸ்' பொத்தான் அமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், பல வீடுகளில் வியாதியே அதுதான்.

கடற்கரைக்கென்று ஒரு தனி வேலை உண்டு. ஸ்பீக்கர் வயரைக் கழற்றி நுனியைப் பாருங்கள். உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்திருந்தால் அந்த இணைப்பில் தடை ஏறும். தடை ஏறினால் ஆம்ப்ளிஃபயரின் பிடி தளர்ந்து பேஸ் தொளதொளக்கும். கெட்ட பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். முனையங்களையும் துடையுங்கள். மாட்டும்போது சிவப்பு, கறுப்பு மாறக்கூடாது; ஒன்று மாறினாலும் பேஸ் செத்துவிடும், கும்மல் போய்விட்டது என்று ஏமாந்துவிடுவீர்கள்.

முட்டை அட்டை, தெர்மாகோல், ஓரங்குல ஃபோம், ஓலைப் பாய் எதுவும் பேஸைத் தொடாது. 48 ஹெர்ட்ஸின் அலைநீளம் 7 மீட்டருக்கு மேல், அதற்கு இவை வெறும் தாள் மாதிரி. செலவு செய்வதென்றால் கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு), 4 அங்குலக் கனம், 2க்கு 4 அடி பலகை நான்கு வாங்கி, முன்பக்க மூலைகள் இரண்டிலும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே நிறுத்துங்கள். பின்னால் காற்றிடம் இருக்கட்டும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். தரையிலிருந்து நாலு விரல் உயர்த்தி, காடாத்துணியால் மூடி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போடுங்கள். சாதா திருகு துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கும். 95க்கு மேல் இது நன்றாக வேலை செய்யும், 48க்குச் சொற்பமே.

மிச்சமிருக்கும் அந்த 48க்குத்தான் ஈக்வலைசர். விண்டோஸ் கம்ப்யூட்டர் வழியாகக் கேட்பவர்களுக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்கிற மென்பொருள் இலவசம். 48 ஹெர்ட்ஸ், மைனஸ் 6 டெசிபல், க்யூ (வெட்டு எவ்வளவு குறுகலானது என்ற அளவு) 5 என்று தொடங்கி, காதுக்கு ஏற்ப ஒவ்வொரு டெசிபலாக மாற்றுங்கள். சாதா பேஸ் குமிழைத் திருகினால் மிருதங்கத்தின் உடம்பும் சேர்ந்து போய்விடும். குழி விழுந்த, அதாவது அந்த இடத்தில் கேட்காமல் போன, அதிர்வெண்ணை மட்டும் ஏற்றாதீர்கள்: எவ்வளவு ஏற்றினாலும் குழி நிரம்பாது, வூஃபர்தான் திணறும். இந்த அமைப்பு ஒரு நாற்காலிக்கு மட்டும்தான். அதை நகர்த்தினால் டோன் ஜெனரேட்டரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.