டிரெய்லரோடு மலை இறங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்பன் கடற்கரையில். இரண்டுக்கும் நடுவில் என்-3 நெடுஞ்சாலை 570 கிலோமீட்டர் போல ஓடுகிறது. ஈஸ்டர் நேரத்தில், புனித வெள்ளியன்று டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்காக ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவிலிருந்து கிளம்பும் குடும்பங்கள் பாத்திரம், கேஸ் அடுப்பு, மெத்தை எல்லாவற்றையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு இந்தச் சாலையில்தான் இறங்குகின்றன. வான் ரீனன் கணவாய், ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை டவுன் ஹில், கடைசியில் கீ ரிட்ஜ், அல்லது பழைய வழியில் போனால் ஃபீல்ட்ஸ் ஹில். பிரேக்கைச் சோதிப்பதற்கென்றே அடுக்கி வைத்ததுபோல இறக்கங்கள்.

பெரிய தவறு, இறக்கம் முழுவதும் பெடலில் காலை வைத்துக்கொண்டே போவது. டவுன் ஹில்லில் மட்டும் 400 மீட்டருக்கு மேல் உயரம் குறைகிறது. காரும் டிரெய்லரும் சேர்ந்து 2,500 கிலோ என்றால், அந்த உயரம் குறையும்போது வெளிப்படும் ஆற்றல் கோயில் மடப்பள்ளியில் ஏறக்குறைய 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் இன்ஜினும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இன்ஜினுக்கு வேலை கொடுக்காவிட்டால் மிச்சமெல்லாம் டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் போய்ச் சேரும். பேட் சூடேறிப் பிடிப்பு குறையும். அதற்கும் மேலே போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் திடீரென்று தரை வரை போகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அதே விதி கேட்பது 155 டிகிரிதான். டர்பன் காற்றின் ஈரப்பதத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதான் நல்லது.

சரி, எப்படி இறங்குவது? இறக்கம் தொடங்கும் முன்பே, மேலேயே வேகத்தைக் குறைத்துக் கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கியரைக் கையால் தேர்ந்தெடுக்க வழி இருக்கும். குரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். வேகம் கூடும்போது உறுதியாக ஒரு மிதி மிதித்துக் குறைத்துவிட்டு, காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். மெல்ல அழுத்திப் பிடித்தபடியே வருவது மென்மையாகத் தெரியும், ஆனால் ஆறுவதற்கு நேரமே கொடுக்காது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் மாமாக்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜின்கள் கியரில் இறங்கும்போது பெட்ரோலைத் தாமாகவே நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில் போட்டால்தான் செலவு.

இனி டிரெய்லரின் பிரேக். இங்கே அதிகம் பார்ப்பது ஓவர்-ரன் வகை. கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலில் இணைப்பிலுள்ள கம்பி உள்ளே போய் பிரேக்கைப் பிடிக்கும். நீங்கள் பெடலைத் தொடாமல் கியரிலேயே இறங்கினாலும் டிரெய்லர் காரைத் தள்ளிக்கொண்டேதான் வரும், அதன் பிரேக்கும் இலேசாக உரசிக்கொண்டே வரும். அதனால் கியர் போட்டாயிற்று என்று வேகமாக இறங்கக் கூடாது. கீழே வந்ததும் ஓரிடத்தில் நிறுத்தி, சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்க பிரேக் சிக்கியிருக்கலாம், அல்லது பேரிங் போயிருக்கலாம். சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காமல் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். பழைய டிரெய்லர் சிலவற்றில் பின்னால் எடுப்பதற்காக பிரேக்கைப் பூட்டும் ஒரு நெம்புகோல் இருக்கும். வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது பூட்டிவிட்டு, திறக்க மறந்து கிளம்புகிறவர்கள் உண்டு. அப்படிக் கிளம்பினால் டிரெய்லருக்கு பிரேக்கே கிடையாது.

பிரேக் இல்லாத சின்ன டிரெய்லரில் வேறொரு தவறு. 750 கிலோ வரை பிரேக் வேண்டாம் என்று மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. தென்னாப்பிரிக்க விதியில் அதற்குக் கூடவே ஒரு நிபந்தனை உண்டு: டிரெய்லரின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. 1,100 கிலோ கார் என்றால் 550 கிலோதான். பக்கிக்கு (பிக்-அப் வண்டிக்கு) பொருந்திய டிரெய்லரைத் தம்பியின் சின்னக் காரில் மாட்டும்போது இதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 750 கிலோவுக்கு மேலே போனால் சாதாரணக் கார் லைசென்ஸான கோட் பி போதாது, கனமான டிரெய்லருக்கான இபி வேண்டும்.

சுமையைப் பின்பக்கம் குவிப்பது மேட்டிலும் ஆபத்து, இறக்கத்தில் இன்னும் ஆபத்து. கனமானவை அச்சுக்கு மேலேயும் சற்று முன்னாலும், தாழ்வாகவும் இருக்க வேண்டும். மூக்கு எடை, அதாவது டிரெய்லரின் முன்நுனி கார் கொக்கியை அழுத்தும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் இருந்தால் சரி. ஆனால் டோ-பாரின் (காரின் பின்னால் கொக்கி மாட்டும் சட்டத்தின்) தகட்டில் போட்டிருக்கும் வரம்பைத் தாண்டக் கூடாது. வான் ரீனனில் பக்கக் காற்று அடிக்கும், லாரிகள் உரசினாற்போல் தாண்டும். பின்கனமான டிரெய்லர் அப்போது பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் வேகத்தைக் கூட்டினால் நிமிர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை நம்ப வேண்டாம். பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள்.

டயர் தேயவில்லை, அதனால் நல்லது என்று நினைப்பதும் தவறுதான். டிரெய்லர் டயர் நின்றே கெடும். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

2013 செப்டம்பரில் ஃபீல்ட்ஸ் ஹில் அடிவாரத்தில், பைன்டவுனில், கட்டுப்பாடு இழந்த ஒரு லாரி டாக்சிகள் மேல் மோதி 24 பேர் இறந்தார்கள். அது கனரக வாகனம், நம் கணக்கு வேறு. ஆனால் அதே மாதிரி இறக்கத்தில் உங்களுக்குப் பின்னால் வருவதும் அப்படிப்பட்ட லாரிதான். ஆகவே பெடல் மெத்தென்று ஆகத் தொடங்கியதும், நாற்றம் வந்ததும், அடுத்த பெட்ரோல் பங்க் வரை பார்ப்போம் என்று ஓட்டாதீர்கள். ஹசார்ட் விளக்கைப் போட்டு, கியரை இன்னும் இறக்கி, பெடல் வேலை செய்யும்போதே அகலமான ஓரமாகப் பார்த்து ஒதுங்கி, எல்லோரையும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடுங்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வளைந்துவிடும்.