கன்டெய்னர் வீடு கட்டப் போறீங்களா, காசு எங்க போகும்னு தெரிஞ்சிட்டு எறங்குங்க

கன்டெய்னர் வீடுன்னா செலவு பாதிதான்னு நெறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க. கப்பல்ல சரக்கு ஏத்துற பழைய இரும்பு பொட்டிதான் இந்த கன்டெய்னர். பொட்டி வெலை கம்மிதான், நம்மூரு வெயிலுக்கு அதுக்குள்ள மனுஷன் இருக்குற மாதிரி மாத்துறதுலதான் காசே கரையும்.

வாங்குனா 40 அடி நீளத்துல ஹைக்யூப் (ஒசரம் கூடுன பொட்டி) வாங்குங்க. சாதா பொட்டில உள் உயரம் 7 அடி 10 இஞ்ச்தான், சீலிங் அடிச்சிட்டு ஃபேன் மாட்டுனா கைய தூக்க முடியாது, ஹைக்யூப்ல ஒரு அடி கூட கெடைக்கும். அகலம் ரெண்டுலயுமே 7 அடி 8 இஞ்ச், அதுக்கு ஒன்னும் பண்ண முடியாது, அகலமா ஹால் வேணும்னா ரெண்டு பொட்டிய ஒட்டி வச்சு நடு செவுத்த எடுக்கணும்.

சென்னைல மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டுக்கு நேர்லயே போங்க, போட்டோ பாத்து அட்வான்ஸ் குடுக்காதீங்க. பகல்ல உள்ள நின்னு கதவ சாத்தச் சொல்லுங்க (வெளிய நம்ம ஆள் ஒருத்தர் நிக்கட்டும், உள்ளருந்து தொறக்க வராது), எங்கயாவது வெளிச்சம் ஊசியா எறங்குச்சுன்னா அங்க ஓட்டை. அடில இருக்குற பிளைவுட்டுக்கு பூச்சி மருந்து போட்டிருப்பாங்க, கதவுல இருக்குற பிளேட்லயே என்ன மருந்துன்னு இருக்கும். பேத்து எடுத்துட்டு புதுசு போடுறதுதான் நல்லது.

அடுத்தது கட்டிங். மேல வர்ற வெயிட்டெல்லாம் நாலு மூலை போஸ்ட் வழியாதான் எறங்குது, சைடு தகடு சும்மா மறைப்புன்னு நெனைக்காதீங்க, அந்த மடிப்புத் தகடுதான் பொட்டிய வளையாம புடிச்சிருக்கு. ஜன்னல், பெரிய கதவு வைக்கிற எடத்துல பாக்ஸ் பைப் ஃபிரேம வெல்ட் பண்ணிட்டு அப்புறம் வெட்டச் சொல்லுங்க, எவ்ளோ பெருசா வெட்டலாம்னு இன்ஜினியர்தான் சொல்லணும், வெல்டர் இல்ல. அஸ்திவாரமும் மூலைக்கு மூலை காங்கிரீட் பீடம், தரையிலருந்து ஒன்றரை அடியாவது ஏத்துங்க.

சூட்டுக்கு மொத வேலை மேல தனியா ஒரு ஷீட் கூரை, நடுவுல காத்து போக ஒரு அடி கேப், வெயில் தகடு மேல நேரா படவே கூடாது. உள்ள பியூ ஃபோம் (சூடு எறங்காம தடுக்குற நுரை) ஸ்பிரே, தகட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவுல கேப் விட்டா மழைக்கால ராத்திரில தகடு குளுந்து உள்பக்கம் வேர்த்து துரு புடிக்கும். ஃபோம் தீப்பிடிக்கிற ஐட்டம், அதனால வெல்டிங் மொத்தமும் முடிச்சிட்டுதான் அடிக்கணும், மேல ஜிப்சம் போர்டு போட்டு மூடணும்.

முழு வீடும் இரும்பு, எர்த்திங்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, ஆர்சிசிபி (கரன்ட் லீக் ஆனா தானா கட் பண்ற சுவிட்ச்) கண்டிப்பா வேணும்.

பிளான் அப்ரூவல், பஞ்சாயத்துல கேக்குறது எல்லாம் பொட்டி வாங்குறதுக்கு முன்னாடியே. அப்படியே தெருவையும் ஒருக்கா நடந்து பாத்துருங்க, 40 அடி டிரைலர் திரும்பணும், கிரேன் நிக்கணும், மேல கரன்ட் கம்பி இருக்கக் கூடாது, காலிப் பொட்டியே கிட்டத்தட்ட 4 டன்.