பிரைமரி வேட்பாளரை எடைபோடும்போது நாம் எங்கே தவறுகிறோம்?

1972 பிப்ரவரி 26, சனிக்கிழமை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், மான்செஸ்டர் நகரம். பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளூர் நாளிதழ் அலுவலகத்தின் வாசலில், ஒரு லாரியின் திறந்த தட்டில் நின்று பேசுகிறார் செனட்டர் எட்மண்ட் மஸ்கி. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் அவர்தான் என்று அன்று பலரும் முடிவே கட்டியிருந்தார்கள். அவருடைய மனைவி ஜேனைப் பற்றி அந்த நாளிதழ் மட்டமாகச் செய்தி போட்டிருந்தது. அதற்குப் பதில் சொல்ல வந்தவருக்கு நடுவில் தொண்டை அடைத்துக்கொண்டது. கன்னத்தில் ஈரம். அழுதுவிட்டார் என்று நிருபர்கள் எழுதினார்கள். முகத்தில் விழுந்த பனிதான் உருகியது என்றார் மஸ்கி.

பத்து நாளில் அந்த மாநிலத்தின் பிரைமரி, அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்யும் தேர்தல். மஸ்கிதான் ஜெயித்தார். அவருக்குச் சுமார் 46 சதவீதம், சக போட்டியாளர் ஜார்ஜ் மெக்கவர்னுக்கு 37. ஆனால் பக்கத்து மாநிலமான மெய்னைச் சேர்ந்தவர் இன்னும் அதிகம் வாங்கியிருக்க வேண்டும் என்று பேச்சு கிளம்பி, ஜெயித்தவரே தோற்றவர் ஆனார். சில வாரங்களில் அவருடைய பிரசாரம் படுத்துவிட்டது. அவர்மீது அதே நாளிதழ் வெளியிட்ட இன்னொரு குற்றச்சாட்டுக் கடிதம் போலி என்பதும், அன்றைய அதிபர் நிக்சன் தரப்பின் நாசவேலைகளில் அதுவும் ஒன்று என்ற செய்தியும் பிற்பாடுதான் வெளியே வந்தன.

இந்தக் கதையில் என்னை இன்றைக்கும் உறுத்துவது ஒன்று உண்டு. அந்த ஈரம் கண்ணீரா, பனியா என்று நாடே வாதாடியது. கண்ணீராகவே இருக்கட்டுமே, மனைவியை இழிவுபடுத்தினால் கலங்கும் மனிதர் அதிபர் வேலைக்கு எப்படித் தகுதியற்றவர் ஆவார்? 1970-இன் காற்று மாசு தடுப்புச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர் மஸ்கி. அதற்காக எதிர்க்கட்சியினரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசியவர். வேலைக்கு ஆள் எடுக்கும்போது பார்க்க வேண்டியது அதைத்தான். பார்த்தது கன்னத்தை.

பிரைமரியில் இப்படி நடப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நவம்பர் பொதுத் தேர்தலில் கட்சியைப் பார்த்து வாக்களித்துவிடலாம். பிரைமரியில் மேடையில் நிற்கும் எல்லோரும் ஒரே கட்சி. பத்தில் எட்டு விஷயங்களில் ஒரே கருத்துதான் சொல்வார்கள். பெரிய வேறுபாடு இல்லாத இடத்தில் குரல், உயரம், நையாண்டி, ஒரு தடுமாற்றம் எல்லாம் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கும். ஆனால் ஆளை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க நமக்குக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பமும் அதுதான். 1968-இல் அன்றைய துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியில்கூட நிற்காமலே கட்சித் தலைவர்களின் தயவில் வேட்பாளர் ஆனார். அதன்பிறகு வந்த சீர்திருத்தம்தான் அந்த அதிகாரத்தை வாக்காளர் கைக்கு மாற்றியது. ஆளைத் தெரிந்து சலித்தெடுக்கும் பொறுப்பும் அதோடு சேர்ந்து நம் கைக்கு வந்துவிட்டது.

ஒரு நிமிட வீடியோவை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

2004 ஜனவரி 19 இரவு, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் போட்டியில் அயோவா மாநிலத்தில் மூன்றாவது இடத்துக்கு வந்த ஹோவர்ட் டீன் தொண்டர்களை உற்சாகப்படுத்தக் கத்திய கத்தல் பலருக்கு நினைவிருக்கும். அவர் கையிலிருந்த மைக் சுற்றுச் சத்தத்தை வடிகட்டும் ரகம். அரங்கில் இருந்தவர்களுக்குக் கூட்டத்தின் ஆரவாரத்தில் அவர் குரல் கரைந்துபோனது. டிவியில் பார்த்தவர்களுக்கு ஒரு மனிதர் தனியாக நின்று அலறியதுபோலத் தெரிந்தது. அடுத்த சில நாட்களில் அதை நூற்றுக்கணக்கான முறை ஒளிபரப்பினார்கள். வெர்மான்ட்டில் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஆளுநராக அவர் போட்ட பட்ஜெட்டுகளை யாரும் ஒளிபரப்பவில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அன்றைய டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரியின் கதை. 2011 நவம்பர் 9, மிச்சிகனில் குடியரசுக் கட்சி விவாத மேடை. அதிபரானால் மூன்று மத்திய அரசுத் துறைகளை மூடுவேன் என்று ஆரம்பித்தார். வணிகத் துறை, கல்வித் துறை என்று இரண்டைச் சொன்னார். மூன்றாவது நினைவுக்கு வரவில்லை. குறிப்பைப் புரட்டிப் பார்த்தும் கிடைக்காமல், கடைசியில் ‘ஊப்ஸ்’ என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லி நாடு சிரித்தது.

சரி, மறதி யாருக்கு இல்லை? மேடை வெளிச்சத்தில் யாருக்கும் நடக்கும். உண்மையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அவர் மறந்தது எரிசக்தித் துறையை. அமெரிக்காவின் அணு ஆயுதங்களைத் தயாரித்துப் பராமரிக்கும் பொறுப்பு அந்தத் துறையிடம்தான் இருக்கிறது. அதை மூடினால் அந்த வேலையை யார் பார்ப்பார்கள் என்று அன்று எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து டிரம்ப் அவரை அதே எரிசக்தித் துறைக்கு அமைச்சராக முன்மொழிந்தார். 2017 ஜனவரியில் செனட் குழுவின் முன் உட்கார்ந்த பெர்ரி, துறையின் முக்கியப் பணிகளைப் பற்றிய விளக்கங்களைக் கேட்ட பிறகு, அதை மூடச் சொன்னதற்காக வருந்துவதாகச் சொன்னார். என்ன செய்கிறது என்று தெரியாமலே ஒரு துறையை மூடக் கிளம்பியதுதான் அன்றைய தவறு. மறதியைப் பார்த்துச் சிரித்ததில் அது நம் கண்ணில் படாமலே போய்விட்டது.

உறுதிமொழிக்குக் கைதட்டுவது

1988, மறுபடியும் நியூ ஹாம்ப்ஷயர். குடியரசுக் கட்சி விவாதம் ஒன்றில் போட்டியாளர் பீட் டு பான்ட், வரியை உயர்த்த மாட்டேன் என்ற உறுதிமொழித் தாளை இன்னொரு போட்டியாளரான பாப் டோலிடம் நீட்டினார். டோல் கையெழுத்துப் போடவில்லை. செனட்டில் பட்ஜெட் பற்றாக்குறையோடு மல்லுக்கட்டிய மனிதருக்கு அந்தத் தாளின் விலை தெரியும். அன்றைய துணை அதிபர் ஜார்ஜ் புஷ் (தந்தை புஷ்) தரப்போ, வரி விஷயத்தில் டோல் இரண்டு படகில் கால் வைப்பவர் என்று டிவியில் விளம்பரம் ஓட்டியது. புஷ் அந்த மாநிலத்தில் ஜெயித்தார், பிறகு அதிபரும் ஆனார். 1990-இல் பற்றாக்குறையைக் குறைக்க வரியை உயர்த்தவும் செய்தார். அந்த முடிவு நாட்டுக்கு நல்லது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் 1992-இல் அதே நியூ ஹாம்ப்ஷயரில் சொந்தக் கட்சியின் பேட் புகேனன் அவரை எதிர்த்து நின்று 37 சதவீத வாக்குகளை அள்ளினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் உண்மையைச் சொல்லத் தயங்காதவரை இதே வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

கை தூக்கச் சொல்லும் கேள்விகளும் இந்த ரகம்தான். 2019 ஜூனில் மயாமி விவாதத்தில், தனியார் மருத்துவக் காப்பீட்டை ஒழித்துவிட்டு அரசுத் திட்டத்துக்கு மாறுவீர்களா என்று கேட்டபோது கமலா ஹாரிஸ் கை தூக்கினார். கேள்வியை வேறு மாதிரிப் புரிந்துகொண்டேன் என்று மறுநாள் விளக்கம் கொடுத்தார். கோடிக்கணக்கான பேரின் காப்பீட்டைப் பற்றிய கேள்விக்குக் கை தூக்குவதா, வேண்டாமா என்று முடிவெடுக்க அந்த மேடை தந்த அவகாசம் இரண்டு விநாடி. அப்படிக் கேட்டதே தப்பு, அதை வைத்து ஆளை அளந்தது அதைவிடத் தப்பு. “யோசித்துச் சொல்கிறேன்” என்பவரை நாம் ஏன் பலவீனமானவர் என்று நினைக்கிறோம்?

இன்னொன்று. மேடையில் கொடுக்கும் வாக்குறுதிகளில் பாதி அதிபரின் கையில் இல்லை. வரியும் செலவும் காங்கிரஸ் சபைகளின் அதிகாரம். அதிபரின் கையில் உண்மையில் இருப்பவை ராணுவத் தலைமை, சட்டத்தைத் தடுக்கும் வீட்டோ, மன்னிப்பு வழங்கும் அதிகாரம், சுமார் 4,000 பதவிகளுக்கு ஆள் போடுவது. அந்த நாலாயிரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு செனட்டின் ஒப்புதல் தேவை. ஆயுள் முழுக்க உட்காரப்போகும் நீதிபதிகளை நியமிப்பதும் அவர்தான். ஆகவே ஒரு வேட்பாளர் இதுவரை யாரைப் பக்கத்தில் வைத்திருந்தார், அவர்கள் எத்தனை நாள் தாங்கினார்கள், விலகியவர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடிப் படியுங்கள். ஒரு விவாதம் முழுக்கப் பார்ப்பதைவிட அந்த ஒரு மணி நேரம் அதிகம் சொல்லும்.

பதவிப் பட்டியலின் நீளத்தை நம்புவது

ஜேம்ஸ் புகேனன் கீழவையில் இருந்தார், செனட்டில் இருந்தார், ரஷ்யாவுக்கும் பிரிட்டனுக்கும் தூதராகப் போனார், வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார். 1857-இல் அதிபரானார். நாடு அவர் கண்ணெதிரே பிளந்தபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வரலாற்றாசிரியர்கள் போடும் வரிசைகளில் பெரும்பாலும் கடைசி வரிசைதான் அவருக்கு. அடுத்து வந்த லிங்கனுக்குக் கீழவையில் இரண்டே ஆண்டு அனுபவம்.

அப்படியானால் அனுபவமே வேண்டாமா? வேண்டும், ஆனால் அதற்குள் நுழைந்து பார்க்க வேண்டும். ஹெர்பர்ட் ஹூவர் முதல் உலகப் போரின்போது பெல்ஜியத்துக்குச் சோறு போட்டவர். 1927 மிசிசிப்பி வெள்ள நிவாரணத்தை நடத்தியவர். அவரைவிடத் திறமையான நிர்வாகி அன்று யாரும் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அதிபராகும் வரை அவர் எந்தத் தேர்தலிலும் ஜெயித்தவர் இல்லை. 1930-இல் இறக்குமதி வரிகளை ஏற்றும் மசோதா வந்தபோது, கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் எழுதிக் கேட்டார்கள். போட்டார். நிவாரணத்தில் உத்தரவு போட்டால் வேலை நடக்கும். அதிபர் வேலையில் சொந்தக் கட்சியினரையே மறுத்துப் பேசும் துணிவும் வேண்டும். பதவிப் பட்டியலில் அது தெரியாது.

அதனால் ஆளுநராக இருந்தவர் என்றால் புயலோ வெள்ளமோ வந்த வாரத்தில் என்ன செய்தார், எந்த மசோதாக்களை வீட்டோ செய்தார் என்று பாருங்கள். செனட்டர் என்றால் எதிர்க்கட்சியினரோடு சேர்ந்து எதை நிறைவேற்றினார் என்று பாருங்கள். தொழிலதிபர் என்றால், தன்னால் வேலையைவிட்டுத் தூக்க முடியாதவர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதே என் முதல் கேள்வி.

யார் ஜெயிப்பார் என்று ஜோசியம் பார்ப்பது

“எனக்குப் பிடித்தவர் இவர்தான், ஆனால் நவம்பரில் ஜெயிக்க மாட்டாரே” என்று வாக்கை மாற்றிக்கொள்பவர்கள் நிறையப் பேர். 2007 முழுக்கத் தேசியக் கருத்துக்கணிப்புகளில் குடியரசுக் கட்சி வரிசையில் முன்னணியில் இருந்தவர் ரூடி ஜூலியானி. ஒரு மாநிலத்தில்கூட ஜெயிக்காமல் 2008 ஜனவரி இறுதியில் விலகினார். 2020-இல் ஜோ பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. கதை முடிந்தது என்று எழுதினார்கள். பிப்ரவரி 29-இல் தென் கரோலினா வாக்களித்ததும் எல்லாம் தலைகீழானது. தொழிலாகவே கணிப்பவர்களுக்கே இந்த நிலைமை. நமக்குத் தெரியாத நவம்பருக்காக, தெரிந்த தகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

நம்ம ஆள்

இதை எழுதாமல் விட முடியாது. கமலா ஹாரிஸின் அம்மா சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், தாத்தாவின் ஊர் துளசேந்திரபுரம். 2020 மாநாட்டு உரையில் அவர் ‘சித்தி’ என்ற சொல்லைச் சொன்னபோது எனக்கும் புல்லரித்தது. விவேக் ராமசாமி 2024 பிரைமரியில் நின்றபோது, அவர் தமிழில் பேசிய வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் நான்கு முறை வந்தது. சந்தோஷப்படுவதில் தவறே இல்லை. ஆனால் அந்தக் குழுவில் அவருடைய வெளியுறவுக் கொள்கையைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. “நம்ம பையன்யா” என்றதோடு சரி. உக்ரைனுக்கு உதவியை நிறுத்த வேண்டும் என்று அவர் சொன்னது சரியா, தவறா என்று அங்கே ஒரு வாக்குவாதம் நடந்திருந்தால், அவரை அதிபர் வேட்பாளராக மதித்தோம் என்று ஆகியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் அதே அளவுக்கு இருக்கிறது. அயோவாவில் அவரிடம் இந்து மதத்தைப் பற்றி மேடையிலேயே கேட்டார்கள். எந்த அரசுப் பதவிக்கும் மதத்தைத் தகுதியாக வைக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சாசனத்தின் 6-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஊர்ப்பாசத்தால் ஒருவரைத் தூக்கிவைப்பவர், இன்னொருவர் மதத்தைக் காட்டி அவரை இறக்கும்போது என்ன பதில் சொல்வார்?

கடைசியாக, அங்கே வாக்குரிமை உள்ள நம்மவர்கள் பலர் கோட்டைவிடும் ஒரு காரியம். எந்தப் பிரைமரியில் யார் வாக்களிக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் கட்சிப் பதிவே கிடையாது, எந்தக் கட்சியின் பிரைமரி வேண்டும் என்று வாக்களிக்கும்போது சொன்னால் போதும். நியூ ஹாம்ப்ஷயரில் கட்சி சாராமல் பதிந்தவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். நியூ ஜெர்சியில் கட்சி சாராதவர் வாக்குச்சாவடியிலேயே கட்சியைச் சொல்லிவிடலாம், ஆனால் ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிந்தவர் மாற வேண்டுமென்றால் தேர்தலுக்கு 55 நாட்கள் முன்பே படிவம் கொடுத்திருக்க வேண்டும். நியூயார்க்கில் கட்சி மாற்றத்துக்குக் கடைசி நாள் பிப்ரவரி 14. முதல் விவாதம் நடக்கும் மாதத்திலேயே உங்கள் மாநிலத் தேர்தல் அலுவலக இணையதளத்தைத் திறந்து, உங்கள் பெயருக்கு நேரே எந்தக் கட்சி பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.