கோணல் கையோடு ஷட்டில் ஆடுபவரைச் சமாளிப்பது எப்படி?

காரைக்குடியில் நாங்கள் ஆடும் கோர்ட் ஒரு பழைய வீட்டின் பின்கட்டை ஒட்டிய காலி இடம். செம்மண் தரை, சுண்ணாம்புக் கோடு, இரண்டு சவுக்குக் கம்புக்கு நடுவே நெட். ஆறு மாதம் கோச்சிங் போய்விட்டு, பிடி, வீச்சு, கால் எல்லாம் படிந்துவிட்டது என்ற தெம்பில் ஒரு சாயங்காலம் அங்கே இறங்கினேன். எதிரே அறுபதை நெருங்கும் ஒரு அண்ணன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேட்டைத் தோசைக்கரண்டி மாதிரிப் பிடித்திருந்தார். கோச்சிங்கில் சொல்லித்தராத இப்படிப்பட்ட பிடியையும் வீச்சையும்தான் கோணல் கை என்கிறேன். 21-8. எட்டு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

முடிந்ததும் அவர் சொன்னார்: "தம்பி, நீ என் கையவே பாத்துக்கிட்டு நிக்கிற. காக்கு அதுபாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கு."

காக்கு என்றது ஷட்டில்காக்கை, அதாவது இறகுப் பந்தை. அந்த ஒரு வரியைப் பிரித்துப் பிரித்துப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. ஷட்டிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அது சீக்கிரம் கைகூடட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: நெட்டைப் பாருங்கள்

ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் நெட். நடுவில் 1.524 மீட்டர், அதாவது சரியாக 5 அடி இருக்க வேண்டும். கம்பத்தருகே 1.55 மீட்டர். திறந்தவெளி கோர்ட்டில் கயிறு தொய்ந்து நடுவே நாலு விரல் இறங்கியிருப்பது சகஜம். கோணல் பிடிக்காரர்களில் பாதிப் பேர் காக்கைத் தட்டையாக அறைகிறவர்கள்; தொய்ந்த நெட் அவர்களுக்குக் கொண்டாட்டம். இரண்டு பேட்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, அதற்கு மேல் முக்கால் சாண் வைத்தால் ஏறக்குறைய 5 அடி வரும். கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு ஆரம்பியுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாம் படி: சும்மா தட்டும் நேரத்தை வீணாக்காதீர்கள்

ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் தட்டிப் பார்ப்போம் இல்லையா, அதில் புதியவர்கள் தங்கள் ஸ்மாஷைக் காட்டத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அதற்குப் பதிலாக ஆறு இடத்துக்கு அனுப்பிப் பாருங்கள்: பின்மூலை இரண்டு, நெட்டோரம் இரண்டு, நேராக நெஞ்சுக்கு ஒன்று, பேட் பிடித்த கையின் இடுப்புக்கு ஒன்று.

அவர் அடிப்பது பார்க்க எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிடுங்கள். அடித்த காக் உங்கள் பக்கம் எவ்வளவு ஆழமாக வந்தது, அடித்து முடித்தபின் அவர் பேட் எங்கே நிற்கிறது, இந்த இரண்டு மட்டும் போதும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பேட் முழங்காலுக்குத் தொங்கிவிட்டால், வேகமாகத் திரும்பி வரும் அடுத்த காக்குக்கு அவர் கை தாமதமாகும்.

மூன்றாம் படி: கிளம்பும் நேரத்தை மாற்றுங்கள்

நான் தோற்றதெல்லாம் இந்த இடத்தில்தான். முறையாகப் பழகியவர் அடிக்கப் போகும்போது தோள் திரும்பும், முழங்கை உயரும். அதை வைத்தே நம் கால் பாதி வழி கிளம்பிவிடும். கோணலாக ஆடுபவரின் உடம்பு அந்தச் சேதியைச் சொல்லாது, சொன்னாலும் தப்பாகச் சொல்லும். அவர் ஏமாற்ற நினைக்கவே வேண்டாம், நாமே ஏமாந்துவிடுவோம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். அவர் பேட் முன்னால் வரத் தொடங்கும்போது குதிகாலைத் தூக்கி ஒரு சின்னத் துள்ளல். காக் பேட்டை விட்டுக் கிளம்பும் நொடியில் இரண்டு காலும் அகலமாகத் தரையில் பதிந்திருக்கட்டும். திசை தெரிந்த பிறகுதான் ஓட்டம். ஒரு கணம் பிந்துவது போலத் தோன்றும். ஆனால் உங்கள் பாதிக் கோர்ட்டின் நீளமே 6.70 மீட்டர்தான், நடுவிலிருந்து எந்த மூலைக்கும் இரண்டு மூன்று எட்டு. தப்பான பக்கம் ஓடித் திரும்புவதைவிட இது மலிவு. அந்தக் கணத்தையும் ஈடுகட்ட, உங்கள் டாஸை, அதாவது காக்கைத் தூக்கி அடிப்பதை, உயரமாக, கடைசிக் கோடு வரை போடுங்கள். காக் மேலே போய்வரும் நேரம் முழுக்க உங்களுக்குத்தான்.

காதையும் பயன்படுத்துங்கள். முழு அடி 'டப்' என்று கேட்கும். வெட்டினால் பேட்டின் நரம்பு உரசும் 'சர்ர்' சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால், கை எவ்வளவு பெரிதாகச் சுழன்றிருந்தாலும் காக் பாதி வேகத்தில் நெட்டோரம்தான் விழப்போகிறது.

நான்காம் படி: எந்தக் கோணல் என்று கண்டுபிடியுங்கள்

தோசைக்கரண்டிப் பிடி. பேட் முகம் எப்போதும் நெட்டைப் பார்த்தே இருக்கும். நெட்டருகே உயர்ந்து வரும் காக்கை இவர்கள் அறைந்து தள்ளுவார்கள், அங்கே உயர்த்திக் கொடுக்காதீர்கள். இந்தப் பிடியில் பேக்ஹேண்ட் (பேட் பிடிக்காத கைப்பக்க) பின்மூலையிலிருந்து காக்கைக் கடைசிக் கோடு வரை அனுப்புவது சிரமம். அங்கே ஒரு டாஸ் போட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்து நில்லுங்கள். பதில் பெரும்பாலும் குட்டையாக வரும்.

பூப்பந்துக் கை. பூப்பந்து என்று இங்கே சொல்வது ஷட்டிலை அல்ல, பால் பேட்மின்டனை. நம் பக்கத்துக்கு இது ரொம்ப முக்கியம். நடு வயது தாண்டிய பலர் மஞ்சள் கம்பளிப் பந்தோடு வளர்ந்தவர்கள். பக்கத்துக்கு ஐந்து பேர், 24 மீட்டர் நீளக் கோர்ட். அந்தப் பந்து 27 முதல் 30 கிராம். இறகுக் காக் 5.50 கிராமைத் தாண்டாது. ஐந்து மடங்கு கனத்தை அடித்துப் பழகிய கை தோளிலிருந்து மொத்தமாகச் சுழலும், மணிக்கட்டு அதிகம் வேலை செய்யாது. ஆனால் இடுப்புயரத்தில் கீழிருந்து வெட்டுவார்கள் பாருங்கள், அது தனி வித்தை. இறகுக் காக் நெட்டைத் தாண்டித் தலைகீழாகப் புரண்டுகொண்டே இறங்கும். புரளும்போது தொட்டால் எங்கோ தெறிக்கும். தக்கை கீழ்நோக்கி நிலைப்படும் வரை பொறுத்து, அடியிலிருந்து உயரத் தூக்கிவிடுங்கள். நைலான் காக் என்றால் புரளல் சீக்கிரமே அடங்கிவிடும்.

பிடி தோசைக்கரண்டி என்றாலும், என்னை எட்டில் நிறுத்திய அண்ணனின் வீச்சு இந்த வகைதான். முழுக் கையும் சுழல்வதால் அது திரும்பி வர நேரம் பிடிக்கும் என்பதை நான் பார்க்கவே இல்லை. உடம்பை நோக்கித் தட்டையாக, விடாமல் மூன்று அடி அடித்தால் மூன்றாவதுக்கு அவர் கை வராது. மூலைக்கு அனுப்பி ஓட வைக்க நினைத்தால் அவருக்கு வெட்ட இடம் கிடைத்துவிடும்.

இடக்கைக்காரர். இதைக் கோணல் என்று சொல்வதே தப்பு. 2008, 2012 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற லின் டானும், 2016இல் வென்ற கரோலினா மரினும் இடக்கைதான். ஆனாலும் புதியவர்களுக்குக் குழம்பும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: உங்கள் இடப்பக்கக் கோட்டை ஒட்டி நேராக அனுப்பினால் அது அவருடைய பேக்ஹேண்டுக்குப் போகும். வழக்கமாக வலக்கைக்காரரின் பேக்ஹேண்டைத் தேடி எதிர்மூலைக்கு அடிக்கும் பழக்கத்தில், இவருடைய பலமான பக்கத்துக்கே தீனி போட்டுக்கொண்டிருப்போம்.

நிறுத்தி அடிப்பவர். அடிப்பதுபோல் வந்து பேட்டை ஒரு கணம் பிடித்துவைத்துப் பிறகு தட்டுவார். மூன்றாம் படியில் சொன்ன துள்ளலே இதற்கும் மருந்து. வேறு மருந்து எனக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: சர்வீஸ் சண்டையை முன்பே முடியுங்கள்

கோணல் சர்வீஸ் பெரிய ஆட்டங்களிலும் தலைவலிதான். காக்கைச் சுழற்றிவிட்டு அடிக்கும் சர்வீஸை 2023இல் உலக பேட்மின்டன் சம்மேளனமே தடை செய்தது. 2018 முதல் சர்வதேச ஆட்டங்களில் அடிபடும் நொடியில் காக் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். செம்மண் கோர்ட்டில் யார் அளப்பது? ஆரம்பிக்கும் முன்பே "அண்ணே, இடுப்புக்குக் கீழதானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள். பதினெட்டாவது பாயிண்டில் கேட்டால் அது சண்டை.

இன்னொன்று, நீங்கள் தயாராகும் முன்பே படக்கென்று சர்வீஸ் போடுபவர்கள் உண்டு. அப்படி வந்தால் பேட்டை நீட்டாதீர்கள். எடுக்க முயன்றாலே தயாராக இருந்ததாகத்தான் விதி கணக்கில் கொள்ளும். அசையாமல் நின்று கையைத் தூக்குங்கள்.

ஆறாம் படி: பழகுங்கள்

ஆடி மாதக் காற்றில் இதெல்லாம் வேலைக்காகாது, உள்ளரங்கு கிடைத்தால் போய்விடுங்கள். மற்ற நாட்களில், வாரம் இரண்டு தடவை இருபது நிமிடம் ஒதுக்குங்கள். கூட்டாளியைக் கரண்டிப் பிடியில் பத்து நிமிடம், மாற்றுக் கையில் பத்து நிமிடம் ஆடச் சொல்லுங்கள். அவர் அசிங்கமாக ஆடுவார், அதுதான் வேண்டும். அப்போது நீங்கள் பாயிண்ட் எண்ண வேண்டாம். எத்தனை தடவை தப்பான பக்கம் கிளம்பினீர்கள் என்று மட்டும் எண்ணுங்கள். எனக்கு முதல் நாள் பத்தொன்பது, இரண்டு மாதத்தில் நாலு.

அதன்பிறகு அதே அண்ணனோடு ஆடினேன். உடம்புக்குத் தட்டையாக அடித்து அடித்து 11-7 வரை முன்னால் இருந்தேன். இடைவேளையில் சொம்பில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர், பேட்டின் நடுத்தண்டு வரை கையை ஏற்றிப் பிடித்தார். வீச்சு பாதியாகச் சுருங்கியது, தட்டை அடிகள் எல்லாம் திரும்பி வர ஆரம்பித்தன. 21-19, அவருக்குத்தான். இப்போது கூட்டாளியைத் தண்டைப் பிடித்து ஆடச் சொல்லியிருக்கிறேன்.