மூடினேனா, இல்லையா?

தாம்பரம் ரயில் நிலையம் வரை வந்த பிறகு, கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடினேனா என்ற ஐயம் எழுந்து, வாரத்துக்கு இருமுறையாவது வீட்டுக்குத் திரும்பி ஓடியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது மூடியேதான் இருந்தது. கை பழக்கத்தில் வேலையை முடித்துவிட, மனமோ அதற்குள் அலுவலகம் போய்ச் சேர்ந்திருந்ததால், செய்தது நினைவில் பதியவே இல்லை. ஜப்பானிய ரயில் ஓட்டுநர்கள் சிக்னலைப் பார்ப்பதோடு நில்லாமல், விரலால் சுட்டி அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வார்கள். அதையே அடுக்களைக்குக் கொண்டுவந்தேன்: குமிழைத் திருப்பி, அதைச் சுட்டி, “செவ்வாய்க்கிழமை, ரெகுலேட்டர் மூடியாயிற்று” என்கிறேன். கிழமையைச் சேர்க்காவிட்டால் நேற்று மூடிய நினைவு இன்றையதோடு கலந்துவிடுகிறது. முதல் வாரம் மனைவி சிரித்தாள், சிரிக்கத்தக்க காட்சிதான். இரண்டு மாதங்களாகப் பாதி வழியில் திரும்பவில்லை என்பதோடு, ஒரு நாள் சுட்டிய விரலுக்கு நேரே ரப்பர் குழாயில் மெல்லிய வெடிப்பு தெரிய, அன்றே அதை மாற்றினேன்.