பாம்போடு திருகோணமலைக்குக் குடிவருகிறவர்களுக்கு

ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளர்ந்த நம் பிள்ளைகளில் சிலர் வீட்டில் பாம்பு வளர்க்கிறார்கள். பெரும்பாலும் அது ‘போல் பைத்தன்’ (ball python) என்ற இனம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, நஞ்சில்லாத, கைக்கு நன்கு பழகிவிடும் சிறிய மலைப்பாம்பு. குடும்பம் திருகோணமலைக்கு வரத் தீர்மானித்ததும், அதையும் கொண்டுபோகலாமா என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வியைச் சிரித்துத் தட்டிக்கழிக்காதீர்கள். நல்ல பராமரிப்பில் 20 முதல் 30 ஆண்டுகள் வாழக்கூடிய உயிர் அது. பிள்ளைக்கு அது கூடப்பிறந்தது மாதிரி.

விமான டிக்கெட் வாங்குவதற்கு முன்பே இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். முதலில் இலங்கைப் பக்கத்தைக் கேளுங்கள். 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஊர்வனவற்றை நாட்டுக்குள் கொண்டுவர வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி வேறு. அங்கே முடியாது என்றால் மற்ற எதற்கும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கிடைத்தால், அடுத்தது சைட்டிஸ் பத்திரம். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கைதான் சைட்டிஸ். போல் பைத்தன் அந்த உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. இலங்கை 1979 இலிருந்து அதில் உறுப்பு நாடு. ஆகவே புறப்படும் நாடு ஏற்றுமதிப் பத்திரம் தர வேண்டும். சொந்தப் பாவனைப் பொருள்களுக்கு உடன்படிக்கை தரும் சலுகை உயிருள்ள விலங்குக்கும் கிடைக்கும் என்று நம்பிப் புறப்படாதீர்கள். நாளைக்கே மனம் மாறித் திரும்பிப் போவதானாலும் அதே அலைச்சல் மீண்டும் இருக்கிறது.

உடுப்புப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரலாம் என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். கேட்காதீர்கள். பிடிபட்டால் பாம்பும் போய், வழக்கும் வரும். பிடிபடாவிட்டாலும், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அந்தப் பாம்பு உயிரோடு வந்து சேரும் என்று நம்ப முடியாது.

என் கருத்தைக் கேட்டால், பெரும்பாலான குடும்பங்கள் அதை அங்கேயே நல்ல கையில் ஒப்படைத்துவிட்டு வருவதுதான் பாம்புக்கு நன்மை. கனடாவில் கூண்டைச் சூடாக்குவது கவலை. இங்கே கவலை தலைகீழ். போல் பைத்தனுக்குக் கூண்டின் சூடான பக்கம் 32 பாகை செல்சியஸ் அளவிலும், குளிர்ந்த பக்கம் 26 அளவிலும் இருக்க வேண்டும். திருகோணமலையில் மே முதல் ஓகஸ்ட் வரை, கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் நாள்களில், பகல் வெப்பம் 35 ஐத் தொடும். அப்போது கூண்டில் குளிர்ந்த பக்கம் என்று ஒன்றே இருக்காது. குளிரூட்டி இருந்தாலும் மின்சாரம் தடைப்பட்டால் அறை சிறிது நேரத்திலேயே கொதிக்கத் தொடங்கிவிடும்.

உணவும் சுலபமில்லை. உறைந்த எலியைப் பொதியாக விற்கும் கடையை இங்கே எதிர்பார்க்காதீர்கள். வளவில் பிடித்த எலியைக் கொடுப்பது ஆபத்து: அது பக்கத்து வீட்டில் எலிப்பாஷாணம் தின்ற எலியாக இருக்கலாம், அதைக் கையாளும் உங்களுக்கு எலிக்காய்ச்சலும் தொற்றலாம். நம் பக்கத்து மிருக வைத்தியர்கள் மாடு, ஆடு, நாய் பார்ப்பதில் கைதேர்ந்தவர்கள். பாம்பின் நுரையீரலில் சளி கட்டினால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் வரை போக வேண்டி வரலாம்.

எல்லா அனுமதியும் கிடைத்து, கொண்டுவந்தே தீருவது என்றால், பயணத்தைச் சரியாகச் செய்யுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே உணவை நிறுத்திவிட வேண்டும். வயிறு நிறைந்த பாம்பு அலைச்சலில் கக்கிவிடும். நெருக்கமாக நெய்த பருத்திப் பை ஒன்று தேவை. பிரிந்த நூல் செதிலில் சிக்காதபடி தையல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். பாம்பை உள்ளே விட்டு, அதன் உடலுக்கு மேலே நன்றாக இடம்விட்டு வாயை முறுக்கி முடிச்சுப் போடுங்கள். அந்தப் பையைக் காற்றுத் துளைகள் உள்ள கெட்டியான பெட்டிக்குள் வைக்க வேண்டும். விமான நிறுவனங்கள் பின்பற்றும், சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் (ஐயாட்டா) விதிகளில் பெட்டியின் அமைப்பு விபரமாக இருக்கிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வரும்போது குளிரூட்டிய வான் கட்டாயம். சாப்பாட்டுக்கு இறங்கும்போதும் வெயிலில் நிற்கும் வானுக்குள் பெட்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வந்த பிறகு அயலவர்களிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைக்கும் ஊர் இது. அதே ஊரில் பாம்புக் கடியால் உறவை இழந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் மறைத்து வளர்ப்பது மனத்தாங்கலைத்தான் தரும். கூண்டுக்குப் பூட்டுப் போடுங்கள். பராமரிக்க முடியாமல் போனால் காட்டில் விடவே கூடாது. புளோரிடாவில் இப்படி வெளியே போன பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள காட்டு விலங்குகளை எப்படி அழித்தன என்பது உலகம் அறிந்தது. வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற எண்ணுக்கு அழைத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

இதுவரை சொன்னது பாம்பைப் பற்றி. பாம்பு வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளை வருகிறது, எனக்குப் பெரிய கவலை அதுதான். பாம்பைக் கண்டால் கை நீட்டிப் பழகிய பிள்ளை அது. இங்குள்ள பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டிய பயம் அதற்கு இல்லை.

கண்ணாடி விரியனை, இங்கே பலர் புடையன் என்பார்கள், ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். பருத்த உடல், குட்டை வால், கபில நிறம், முதுகில் கருமையான கபிலப் புள்ளிகள். போல் பைத்தனும் பருத்த உடலும் கபிலத் திட்டுகளும் கொண்டதுதான். பயந்தால் போல் பைத்தன் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். விரியனும் சுருளும், ஆனால் தலையை உயர்த்திக்கொண்டு பிரஷர் குக்கர் போலச் சீறும். போல் பைத்தனின் செதில் வழுவழுப்பாக மினுங்கும். விரியனின் செதில் சொரசொரப்பாக மங்கியிருக்கும். முதுகுப் புள்ளிகள் கருவிளிம்போடு சங்கிலிபோல வரிசையாக ஓடும். படங்களை வைத்து இதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். ஆனால் அடையாளம் கண்டுபிடித்த பிறகு தொடலாம் என்று கற்றுக்கொடுக்காதீர்கள். கூண்டுக்கு வெளியே காணும் எந்தப் பாம்பையும் தொடுவதில்லை, நன்றாக விலகிப் பின்னால் போய்ப் பெரியவர்களைக் கூப்பிடுவது. இந்த ஒரு விதியை வந்த அன்றே சொல்லிவிடுங்கள்.

தம்பலகாமத்து வயல் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனால் அறுவடைக் காலத்தில் வரப்பில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். இரவில் முற்றத்துக்கு இறங்க டோர்ச் வேண்டும். மாரியில் பொந்துகளில் தண்ணீர் ஏறினால் பாம்பு வீட்டுக்குள் வரும். விறகும் ஓட்டுக் குவியலும் சுவரோடு சேர்ந்து இருக்கக் கூடாது.

கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். பாம்பைப் பிடிக்க ஒருவரும் போக வேண்டாம். கட்டுவிரியன் மட்டும் வேறு மாதிரி. இரவில் தரையில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் இருக்காது, பல்லடையாளமும் தெரியாமல் போகலாம். ஆகையால் பிள்ளைகளைத் தரையில் படுக்க வைத்தால் நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். நள்ளிரவில் பிள்ளை வயிற்று வலி என்று எழுந்து, கண்ணிமை சோர்ந்து விழுந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அந்த நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.